என்ஜின் எண்ணெயும் வடிகட்டிகளும்: புழுதி நிலத்து உழவர் அறிய வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களில் ஏர் மாடு கட்டிய கொட்டகைகள் குறைந்து, டிராக்டர் நிறுத்திய கொட்டகைகள் பெருகிவிட்டன. டிராக்டரோடு மோட்டார் சைக்கிளும், சில வீடுகளில் காரும், ஊராட்சிகளில் குப்பை அள்ளும் வண்டியும் சேர்ந்துள்ளன. காளைக்குப் புண்ணாக்கு வாங்குகையில் முகர்ந்தும் விரலால் நெருடியும் பார்த்து வாங்கிய நம் உழவர், பல லட்சம் ரூபாய் பெறும் என்ஜினுக்கு எண்ணெய் வாங்கும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டப்பாவைப் பேசாமல் வாங்கி வருகிறார். "நல்ல எண்ணெயாகக் கொடுங்கள்" என்று கேட்பதே வழக்கமாயிருக்கிறது. சமையலுக்கு நல்லெண்ணெய் ஒன்றே. என்ஜின்களுக்கோ ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குத் தீதாகும். எது நல்லது என்பது அந்த வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கிறது. அதிலுள்ள எண்களையும் எழுத்துகளையும் படித்தறிவது கடினமன்று. ஆயினும் நம் பகுதியின் புழுதியை நோக்கும்போது, எண்ணெயின் விலையைக் காட்டிலும் வடிகட்டியின் நிலையே என்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதை விவசாயிகள் முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

எண்ணெய் வழுக்கலை மட்டும் தருவதன்று. பிஸ்டன், பேரிங் ஆகியவற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது, எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியைத் தன்னுள் மிதக்கவிட்டு, அது படியாதவாறு காக்கிறது, துருவைத் தடுக்கிறது. டீசல் என்ஜினில் புது எண்ணெய் ஊற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடுவதைக் கண்டு "மட்டமான சரக்கு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோர் உண்டு. கறுப்பது குற்றமன்று, கரியை எண்ணெய் சுமந்து வருகிறது என்பதற்கே அது அடையாளம். ஆனால், பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அறிக. ஊற்றிய அளவைவிட எண்ணெய் மட்டம் உயர்ந்து, டீசல் வாடையும் வீசினால் டீசல் இறங்குகிறது என்று பொருள். இவ்விரண்டிலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே தக்கது.

இனி எண்களைப் பார்ப்போம். டப்பாவின் மேல் "எஸ்.ஏ.இ. 15டபிள்யூ-40" என்பது போல் அச்சிட்டிருக்கும். எஸ்.ஏ.இ. என்பது அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். எண்ணெயின் தடிப்பை எண்ணால் குறிக்கும் முறையை அச்சங்கம் 1911-ஆம் ஆண்டு வகுத்தது. டபிள்யூ என்னும் எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் அது எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டுகின்றன. எண் சிறிதாயின் இளக்கம், பெரிதாயின் தடிப்பு. டிராக்டர்கள் பலவற்றிற்கும் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 என்று கையேடு கூறும். புதிய பெட்ரோல் கார்கள் சிலவற்றிற்கு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்றிருக்கும். "சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இத்தனை இளக்கமான எண்ணெய் தாங்குமா?" என்று கருதித் தடித்த எண்ணெயை ஊற்றச் சொல்லும் பட்டறைக்காரர்கள் உள்ளனர். இது தவறு. ஓடும் என்ஜினின் உட்சூட்டை ரேடியேட்டரும் அதன் வால்வும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறுத்துகின்றன. வெளி வெயிலால் அதில் பெருத்த வேறுபாடு இல்லை. இவ்வகை என்ஜின்களின் இடைவெளிகள் மிக நுண்ணியவை. தடித்த எண்ணெய் காலையில் வண்டியைக் கிளப்பும்போது மேற்பகுதிக்கு ஏறத் தாமதமாகும். உலர்ந்து ஓடும் அச்சில நொடிகளில் தேய்வு உண்டாகும்.

அடுத்து எழுத்துகள். "ஏ.பி.ஐ." என்று தொடங்கும் வரியில் எஸ் என்னும் எழுத்து முன்வந்தால் பெட்ரோல் என்ஜினுக்கும், சி முன்வந்தால் டீசல் என்ஜினுக்கும் உரியது. டீசலில் சி.எப்.-4 என்பது 1990-இலும், சி.எச்.-4 என்பது 1998-இலும், சி.ஐ.-4 என்பது 2002-இலும், சி.கே.-4 என்பது 2016-இலும் வந்த தரங்கள். பொதுவாகப் பழைய தரம் கேட்கும் என்ஜினுக்குப் புதிய தரத்தை ஊற்றலாம். புதியது கேட்கும் என்ஜினுக்குப் பழையதை ஊற்றலாகாது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி செய்த டீசல் கார்களில் புகைக்குழாயினுள்ளேயே கரி வடிகட்டி ஒன்றுண்டு. அவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த தனி எண்ணெய் வேண்டும். டிராக்டருக்கு வாங்கிய டப்பாவில் மிஞ்சியதை அதில் ஊற்றினால் அவ்வடிகட்டி நாளடைவில் அடைபட்டுப் பெருஞ்செலவு வைக்கும். மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் கிளச் என்ஜின் எண்ணெயிலேயே ஊறி நிற்பதால் கார் எண்ணெய் அவற்றிற்கு ஆகாது; கிளச் வழுக்கும். ஒரே டப்பாவில் வீட்டு வண்டிகள் அனைத்தையும் முடிக்கும் சிக்கனம் சிக்கனமே அன்று.

இப்போது புழுதியைப் பற்றிக் கூறவேண்டும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும், அவற்றிற்கு ஓயாமல் ஓடும் லாரிகளும் எழுப்பும் வெண்புழுதி. பெரம்பலூர்ப் பக்கம் கருங்கல் குவாரித் தூள். இரண்டிலும் தை, மாசி மாதங்களில் மக்காச்சோளம் அடிக்கும் களத்துத் தூசி. இவை ஒரே தன்மையின அல்ல. சுண்ணாம்புத் தூள் மென்மையானது. அது வடிகட்டியை விரைவில் அடைக்குமேயன்றி இரும்பை அவ்வளவாக அறுக்காது. கருங்கல் தூளிலும் நிலத்து மணலிலும் உள்ள படிகக்கல் துகளோ இரும்பைவிடக் கடினமானது. அது காற்றோடு உள்ளே புகுந்து எண்ணெயில் கலந்தால், அரத்தூள் கலந்த குழம்பாகி ரிங்கையும் லைனரையும் அராவிவிடும். களத்துச் சோளத் தூசி அராவுவதினும் அடைப்பதே மிகுதி. ரேடியேட்டரின் முன்வலையையும் அது மூடிவிடுவதால் சூடு ஏறுகிறது.

வேப்பந்தட்டை வட்டாரத்து உழவர் ஒருவர் கடையில் கிடைத்த மிக விலையுயர்ந்த எண்ணெயையே தவறாமல் ஊற்றி வந்தார். மூன்றாம் ஆண்டிலேயே அவருடைய டிராக்டர் நீலப்புகை கக்கிற்று. மக்காச்சோள அறுவடை நடுவில் இழுவையிழந்து நின்றது. பிரித்துப் பார்த்ததில் ரிங்குகள் தேய்ந்திருந்தன. காரணம் எண்ணெயன்று. காற்று வடிகட்டியிலிருந்து என்ஜினுக்குச் செல்லும் ரப்பர் குழாயில், கிளாம்பின் அடியில், விரல்நகம் அளவு வெடிப்பு ஒன்று இருந்தது. வடிகட்டாத காற்று அவ்வழியே நெடுநாள் நுழைந்திருக்கிறது. குழாயின் விலை அற்பம். என்ஜின் வேலைக்கு ஆன செலவும், அந்நாட்களில் பிறர் டிராக்டருக்குக் கொடுத்த வாடகையும் அவ்வாண்டு மக்காச்சோள வருவாயில் பெரும்பகுதியை விழுங்கின. ஆகையால் மாதம் ஒருமுறை வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் புழுதி ஒட்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

பழைய டிராக்டர்களின் காற்று வடிகட்டி எண்ணெய்த் தொட்டி வகையைச் சேர்ந்தது. கதிரடிக்கும் நாட்களில் அத்தொட்டியை நாள்தோறும் திறந்து பார்த்து, அடியில் சேறு படிந்திருந்தால் கழுவி, குறியிட்ட அளவு மட்டும் எண்ணெய் ஊற்றவேண்டும். கூடுதலாக ஊற்றினால் என்ஜின் அவ்வெண்ணெயையே உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்து உண்டு. புதிய வண்டிகளில் காகித வடிகட்டி இரண்டு, ஒன்றினுள் ஒன்றாக இருக்கும். வெளியிலுள்ளதை உட்புறமிருந்து குறைந்த அழுத்தக் காற்றால் ஊதலாம். தரையில் தட்டி உதறலாகாது, காகிதம் கிழியும். உள்ளே இருப்பதைத் தூய்மை செய்யவே கூடாது. உரிய காலத்தில் மாற்றவேண்டும்.

எண்ணெய் வடிகட்டியை இரண்டு எண்ணெய் மாற்றத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற எண்ணம் சிற்றூர்களில் பரவலாக உள்ளது. வடிகட்டி அடைபட்டுவிட்டால் என்ஜினுக்கு எண்ணெயே செல்லாமற் போகக்கூடாது என்பதற்காக, அதனுள் ஒரு தப்புவழி வால்வு வைத்திருக்கிறார்கள். அது திறந்துகொண்டால் எண்ணெய் வடிகட்டப்படாமலே ஓடும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. போலி வடிகட்டிகளில் இவ்வால்வு சரிவர அமையாததும், உள்ளே காகிதம் குறைவாக மடித்திருப்பதும் உண்டு. வெளித்தகரம் மட்டும் அசலைப்போலவே பளபளக்கும். புதியதைப் பொருத்துமுன் பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கையால் இறுக்குக. வளையம் படிந்தபின் முக்கால் சுற்றுப் போதும்.

எப்போது மாற்றுவது? டிராக்டர்கள் பலவற்றிற்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கையேடு கூறும். புழுதி மிகுந்த வேலைக்குக் கால அளவைக் குறைக்குமாறும் அதே ஏட்டில் சிறிய எழுத்தில் கண்டிருக்கும். அச்சிறிய எழுத்து நம்மைப் போன்றோருக்கே எழுதப்பட்டது. மணி காட்டும் கருவி பழுதான டிராக்டர்கள் மிகுதி. அத்தகையோர் டீசல் கணக்கை வைத்தே அறியலாம்: மணிக்கு 4 லிட்டர் செலவாகும் வண்டியில் 1000 லிட்டர் தீர்ந்தால் 250 மணி ஆயிற்று என்று பொருள். ஊராட்சி வண்டிகளுக்கும் இவ்வாறே ஒரு நோட்டு வைத்து, ஊற்றிய நாள், எண்ணெயின் தரம், வடிகட்டி மாற்றிய விவரம் ஆகியவற்றை எழுதி வருவது, பின்னர் தணிக்கையின்போதும் கைகொடுக்கும். கார்களுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு கால வரையறையும் உண்டு. ஓடாமல் நின்ற காருக்கும் கையேட்டில் கண்ட மாதம் கடந்தால் எண்ணெய் மாற்றியாக வேண்டும்.

வாங்குகையில் மூடியின் முத்திரை உடையாதிருத்தல், தயாரித்த மாதமும் தொகுதி எண்ணும் தெளிவாக அச்சாகியிருத்தல் ஆகியவற்றைப் பார்த்து, ரசீது பெற்றே வாங்குக. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் சில்லறை எண்ணெயை எவ்வளவு மலிவாயினும் தவிர்க்கவேண்டும். காலி டப்பாவை முழுதாக விற்றால் அதுவே போலிச் சரக்குக்குக் கூடாகும்; ஆணியால் துளையிட்டு விற்பது நலம்.

வடித்தெடுத்த பழைய எண்ணெய் ஊராட்சி உறுப்பினர்களின் கவனத்துக்குரியது. அதைக் கிணற்றுமேட்டில் வைத்து வடிப்பதும், வாய்க்காலில் கொட்டுவதும் பல ஊர்களில் காணும் காட்சி. தேய்ந்த உலோகமும் கரியும் கலந்த அவ்வெண்ணெய் மண்ணில் இறங்கிக் கிணற்றை அடைந்தால், அந்நீர் குடிக்கவும் ஆகாது, கால்நடைக்கும் ஆகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, உரிய அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேரவேண்டும். ஊர்ப் பட்டறைக்காரர்களை அழைத்துப் பேசி, கூரையுள்ள ஓரிடத்தில் சிமென்ட் தளத்தின்மேல் மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைக்கச் செய்தல் ஊராட்சியால் இயலாத செயலன்று. பழைய வடிகட்டிகளையும் துளையிட்டு, ஓர் இரவு தலைகீழாக வைத்து, சொட்டும் எண்ணெயை அதே பீப்பாயில் சேர்க்கலாம். பீப்பாயில் தண்ணீரோ டீசலோ கலவாமல் பார்த்துக்கொண்டால், எடுத்துச் செல்வோர் அதற்கு விலையும் கொடுப்பர்.