கையெழுத்திடாத ஒப்பந்தம்

வணிக நிறுவனம் சட்டத்தின் பார்வையில் ஒரு 'நபர்'. அது சொத்து வாங்கலாம், வழக்காடலாம்; உரிமையாளர்கள் மறைந்தாலும் அது மறைவதில்லை. அது கடனில் மூழ்கினால் பங்குதாரர் இழப்பது தாம் இட்ட முதலை மட்டுமே. இந்தியாவில் இவ்வரையறுத்த பொறுப்பு 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இவை இயற்கை அளித்த உரிமைகள் அல்ல. சமுதாயம் மனமுவந்து அளித்த சலுகைகள். அவ்வாறாயின், அளித்தவர்களுக்கு நிறுவனம் பட்டிருக்கும் கடன் யாது?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் தாமஸ் டொனால்ட்சன் 1982-இல் இக்கேள்வியை எழுப்பினார். மக்களின் இசைவிலிருந்தே அரசின் அதிகாரம் பிறக்கிறது என்று ஹாப்ஸ், லாக், ரூசோ ஆகியோர் கூறிய சமுதாய ஒப்பந்தக் கொள்கையை அவர் வணிகத்திற்குப் பொருத்தினார். நிறுவனங்களே இல்லாத ஒரு சமுதாயத்தைக் கற்பனை செய்க. நுகர்வோராகவும் தொழிலாளராகவும் தங்களுக்கு நன்மை மிகும், தீமை குறையும் என்று கண்டால்தானே மக்கள் அவற்றுக்கு இடம் கொடுப்பர்!

யாரும் கையெழுத்திடாத ஒப்பந்தம் எவ்வாறு கட்டுப்படுத்தும் என்று விமர்சகர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆயினும் இது நீதிமன்றத்தில் காட்டும் பத்திரமன்று, ஓர் உரைகல். எல்லாம் அறிந்திருந்தால் மக்கள் இசைந்திருப்பார்களா என்பதே அதன் சோதனை.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் நச்சுவாயு கசிந்து, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வாயுக் கிடங்கைக் குளிர்விக்கும் அமைப்பு அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. மதிலுக்கு அப்பால் குடிசைகளில் வாழ்ந்தோருக்கு உள்ளே இருப்பது இன்னதென்று நிறுவனம் சொல்லவில்லை. அறியாதவர் இசைவது எங்ஙனம்? டொனால்ட்சனும் தாமஸ் டன்ஃபியும் பின்னர் 1999-இல் வெளியிட்ட நூலில், அந்தந்த ஊர் வழக்கங்களுக்கு இடமளித்தும், எந்த உள்ளூர் வழக்கமும் மீற முடியாத அடிப்படை நெறிகள் உண்டு என்றனர். உயிருக்குப் பாதுகாப்பு அத்தகையது. அது வாஷிங்டனுக்கு ஒன்று, போபாலுக்கு வேறொன்று என்றிராது.

2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்களைச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. நல்லதே. ஆனால் தானம் வேறு, கடன் தீர்த்தல் வேறு. பள்ளிக்கூடம் கட்டித் தந்தவர் ஆற்றில் கழிவைக் கலக்க உரிமை பெறுவதில்லை.

போபாலுக்குப் பின் எழுதாத நிபந்தனைகள் சில எழுத்தில் ஏறின. அபாயகரமான தொழில் நடத்துவோர், கவனமாகவே நடந்தோம் என்று கூறிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது என 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், ஆலையின் அபாயங்களையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் தொழிலாளருக்கு மட்டுமின்றி அக்கம்பக்கத்தில் வாழும் மக்களுக்கும் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது.