பாங்காக் போகிறீர்களா? முதலில் கிழமையைப் பாருங்கள்

பாங்காக்குக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் ஓட்டலையும் விமானத்தையும் பார்ப்பதற்கு முன் கிழமையைப் பார்க்க வேண்டும். சாத்துசாக் சந்தை முழுதாகத் திறப்பது சனி, ஞாயிறு மட்டும்தான். புதன், வியாழனில் செடிகொடி வியாபாரம் நடக்கும். துணி, பீங்கான், விளக்கு, மரச்சாமான், ஓவியம் என்று நாம் ஊரிலேயே பட்டியல் போட்டு வைத்திருக்கிற எல்லாவற்றுக்கும் வார இறுதிதான். சந்தை எந்தக் கிழமையில் என்று எங்கள் ஊர் ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுக்கும்போதே கேட்டேன். “அந்தச் சந்தை தினமும் இருக்கும்மா, நீங்க கவலைப்படாதீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் பயணத்தையே புரட்டிப் போட்டது.

சனிக்கிழமை விடிகாலை சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்தே நேராகப் பட்டாயா. சனியும் ஞாயிறும் அங்கே, திங்கள் முதல் பாங்காக். நம்மூர் பேக்கேஜ்களில் பெரும்பாலானவை இப்படித்தான்: இறங்கியதும் பட்டாயா, அது முடிந்தபின் பாங்காக். வியாழன், வெள்ளியில் இறங்குகிறவர்களுக்கு இதில் குறையொன்றும் இல்லை. சனிக்கிழமை இறங்குகிறவருக்குச் சந்தையே இல்லாமல் போய்விடும். வண்டியில் வந்த தாய்லாந்து வழிகாட்டிப் பெண் சந்தை கிழமையைச் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். “மால் நிறைய இருக்கும்மா, எல்லாம் ஒண்ணுதான்” என்றார். ஒன்றில்லை. என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணமும் துணிப் பையும் வாங்குவதற்காகத்தான் பாங்காக்கையே தேர்ந்தெடுத்தேன். மாலில் அவற்றை எண்ணிக்கையில் வாங்கினால் கட்டுப்படியாகாது.

ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தில் மற்றவர்கள் எல்லோரும் படகில் பவளத்தீவுக்குக் கிளம்பினார்கள். நானும் மகளும் பட்டாயா பஸ் நிலையத்துக்குப் போய் பாங்காக் பஸ் ஏறினோம். “குடும்பமா வந்துட்டு இப்படித் தனியாப் போறது நல்லாவா இருக்கு?” என்று அண்ணி கேட்டார். இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை. தீவுக்குக் கட்டிய பணம் போனது, பஸ்ஸுக்கு வேறு செலவு. ஆனாலும் நான் செய்தது சரிதான். தீவு எந்தக் கிழமையிலும் அங்கேயேதான் இருக்கும்.

பஸ் எக்கமாய் நிலையத்தில் இறக்கிவிடும். வெளியே வந்தால் மேலேயே பிடிஎஸ் ரயில். வண்டி மாறாமல் மோசிட் வரை போகலாம். மெட்ரோவில் வருகிறவர்கள் காம்பேங்பெட் நிலையத்தில் இறங்கினால் படியேறியதும் சந்தைக்குள்ளேயே நிற்பார்கள். மோசிட்டிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும்.

பழைய நாளில் இந்தச் சந்தை அரண்மனைக்குப் பக்கத்தில் சனாம் லுவாங் மைதானத்தில் நடந்ததாம். 1982-இல் இங்கே மாற்றினார்கள். பதினைந்தாயிரம் கடைக்குக் குறையாது, இருபத்தேழு பிரிவு. நடுவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. பிரிந்துபோனால் சந்திக்க அதுதான் இடம், உள்ளே நுழைந்ததும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடையிலும் பிரிவு எண்ணும் சந்து எண்ணும் எழுதியிருக்கும். பிடித்த பொருளைக் கண்டால் அந்தப் பலகையைப் போட்டோ எடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே வாங்கிவிடுங்கள். ‘சுற்றிவிட்டு வந்து வாங்கலாம்’ என்று நகர்ந்தவர்கள் அந்தக் கடையைத் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம். விலையைச் சிரித்த முகத்தோடு கேட்டால் குறைப்பார்கள், குரல் உயர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரே கடையில் டஜன் கணக்கில் எடுத்தால் அவர்களே குறைத்துச் சொல்கிறார்கள். மதியத்தில் தகரக் கூரைக்கடியில் வெக்கை தாங்காது. ஆகவே ஒன்பது, பத்து மணிக்கே போய்விடுங்கள். எங்களுக்கு அந்தக் காலை நேரம் கிடைக்கவில்லை. அதுவும் அந்த ஏஜென்ட்டின் கணக்கில்தான் சேரும்.

மற்றதெல்லாம் சுலபம். அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்புங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே ஏடிஎம்மில் நம் கார்டைப் போட்டால் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். அதனால் பணமாகக் கொண்டுபோய் நகரத்துக்குள் மாற்றுவதே லாபம். கார்டு தேய்க்கும்போது ரூபாயா பாட்டா என்று இயந்திரம் கேட்டால் பாட் என்றே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை திட்டத்தில் ‘ஷாப்பிங்’ என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் ரத்தினக்கல் ஷோரூம். ஏசி போட்ட கூடத்தில் படம் காட்டி, ஜூஸ் கொடுத்து, ஆளுக்கொரு விற்பனைப் பெண்ணைப் பின்னால் அனுப்பினார்கள். அரை நாள் போனது. நான் ஒரு மோதிரம்கூட எடுக்கவில்லை. கல்லின் தரம் பார்க்கத் தெரியாதவர் அங்கே வாங்கவே கூடாது. இதே வலையைத் தெருவிலும் விரிக்கிறார்கள். அரண்மனை வாசலில் நல்ல உடுப்புப் போட்ட ஒருவர் வந்து, “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, இருபது பாட்டுக்கு டுக்டுக்கில் கோயில்களைச் சுற்றிக் காட்டச் சொல்கிறேன்” என்பார். அந்த வண்டி போய் நிற்பது நகைக்கடையிலோ தையல்கடையிலோதான், டிரைவருக்குக் கமிஷன். பேசாமல் டிக்கெட் வாசல் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள். ஏதாவது சிக்கல் என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

வாரநாளில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பாங்காக்கிலேயே பிராதுனாம் பகுதி இருக்கிறது. மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளை அடுக்கடுக்காக ஏசிக்குள் ஏற்றி வைத்தது போல அங்கே பிளாட்டினம் மால். ஒரே கடையில் மூன்று உருப்படி எடுத்தால் பல கடைகளில் மொத்த விலை போடுவார்கள். ஆனால் ‘ஃப்ரீ சைஸ்’ என்பது அவர்கள் உடம்புக்குத்தான், நம் பெண்களுக்குத் தோளில் பிடிக்கும். போட்டுப் பார்க்கவும் பல கடைகளில் விடமாட்டார்கள். அளவு டேப் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். பெரிய கடை ஒன்றில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி வரித் தள்ளுபடிப் படிவம் கேளுங்கள். வாங்கிய தொகை பெரிதாக இருந்தால் விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்பே சுங்க முத்திரை வாங்கிவிட வேண்டும்.

கடைசி நாள் மாலை சிலோம் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்களும் சாமந்தி மாலையோடு வரிசையில் நின்றார்கள். கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்த பேக்கேஜிலும் இந்தக் கோயிலை நான் பார்க்கவில்லை, நீங்களாகத்தான் நேரம் ஒதுக்கிப் போக வேண்டும்.

உங்கள் வீட்டிலும் கல்யாணம் வைத்திருந்தால் வெள்ளிக்கிழமை இரவு விமானமாகக் கேளுங்கள். சனி, ஞாயிறு பாங்காக், அதன் பிறகு பட்டாயா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். எழுதித் தராத ஏஜென்ட்டுக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள்.