ரிம்மைக் கேட்டு டயரைத் தேர்ந்தெடுங்கள்

வேகமான காருக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதைவிட அகலமாக எது பொருந்தும்?" என்பதுதான். முதலில் ரிம்மின் அகலம், அடுத்து ரப்பர் கலவையின் தரம், கடைசியில் டயரின் அகலம் என்ற வரிசையே சரி என்பது அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தார், ஐப்பசி கார்த்திகையில் சாலையோரம் தேங்கும் மழைநீர், கடற்காற்று கொண்டுவந்து பரப்பும் மணல், எல்லாவற்றையும் ஒரே டயர்தான் தாங்கியாக வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 205/55 ஆர்16 என்ற டயரின் அகலம் 205 மி.மீ.; அந்த அளவு 6.5 அங்குல அகலமுள்ள ரிம்மில் மாட்டி எடுத்தது. அதே உயரம் வரும் 225/50 ஆர்16 டயரை 7 அங்குல ரிம்மில் அளக்கிறார்கள். ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. குறையும். உங்கள் ரிம் 6 அங்குலம் என்றால் 205 சுமார் 200 ஆகவும், 225 சுமார் 215 ஆகவும் நிற்கும். 20 மி.மீ.க்குக் காசு கொடுத்துவிட்டு 15 மி.மீ.தான் பெறுகிறீர்கள். அதோடு முடியவில்லை. 225 டயருக்கு 6 அங்குலம் என்பது அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லை. அங்கே பக்கச்சுவர்கள் வெளியே பிதுங்கி நிற்பதால், வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் ரிம் முதலில் நகர்கிறது, டயர் பிறகுதான் தொடர்கிறது. ஓட்டுபவர் தேடிய கூர்மை அந்தத் தாமதத்தில் போய்விடுகிறது. ரிம்மோடு ஒத்துப்போகும் 205, பிதுங்கி நிற்கும் 225-ஐவிடத் துல்லியமாகத் திரும்பும்.

"அகலமான டயர் தரையில் அதிகப் பரப்பைத் தொடுமே" என்பார்கள். 1,200 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு டயரின் மேலும் ஏறத்தாழ 300 கிலோ இறங்குகிறது. காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ என்றால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 130 சதுர செ.மீ. அதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை எடையும் காற்றழுத்தமுமே. அகலம் கூடும்போது முக்கியமாக மாறுவது அந்தப் பரப்பின் வடிவம். குறுக்கே நீண்டு, நெடுக்கே குறுகிவிடும். உலர்ந்த சாலையின் வளைவில் இந்த வடிவம் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேங்கிய நீரில் அதுவே பாதகம். அகலமான டயர் தன் முன்னே கூடுதல் தண்ணீரைத் தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது கார் நீரின் மேல் மிதக்கிறது, ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் வேலையே இல்லாமல் போகிறது. விமான டயர்களை ஆராய்ந்து நாசா 1963-இல் வெளியிட்ட சூத்திரப்படி, காற்றழுத்தம் குறையக் குறைய இந்த மிதப்பு இன்னும் குறைந்த வேகத்திலேயே தொடங்கும். 32 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு சுமார் 94 கி.மீ., 26 பிஎஸ்ஐக்கு சுமார் 85. கார் டயருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாவிட்டாலும் திசை ஒன்றுதான். தேய்ந்த, காற்றுக் குறைந்த, அகலமான டயரோடு ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழையைச் சந்திப்பது ஆபத்து. மணல் பரவிய திருப்பத்திலோ எந்த அகலமும் காப்பாற்றாது. வேகத்தைக் குறைப்பது மட்டுமே வழி.

பந்தயக் கார்களைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2017-இல் முன் டயர் 245-இலிருந்து 305 மி.மீ. ஆகவும், பின் டயர் 325-இலிருந்து 405 ஆகவும் அகன்றது உண்மை. அந்த அகலத்துக்கேற்ற ரிம், காற்றே காரைக் கீழே அழுத்தும் வடிவமைப்பு, மழை வந்தால் உடனே மாற்ற வேறு டயர் எல்லாம் அங்கே உண்டு. உலக ராலி பந்தயத்திலோ உலர்ந்த தார்ச்சாலைக்கு 18 அங்குல விட்டமுள்ள ரிம்மில் 235 அகலம் போடுபவர்களே, ஸ்வீடனின் பனிக்கு 15 அங்குலத்தில் அதைவிடக் குறுகிய டயருக்கு இறங்குகிறார்கள். தொழில்முறை ஓட்டுநர்களும் தரையைப் பார்த்துத்தான் அகலத்தை முடிவு செய்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் உலர்ந்த நாளில் ஓட்ட விரும்புபவர், அதற்கென அகலமான ரிம்மும் டயரும் தனியாக வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

"செலவைக் குறைக்கத்தான் நிறுவனங்கள் குறுகிய டயர் தருகின்றன" என்பது இன்னொரு வாதம். சில மலிவு ரகங்களில் இது உண்மையாக இருக்கலாம். ஆனால் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் உருவான ஈகோஸ்போர்ட்டைப் பாருங்கள். அதன் சில ரகங்களில் 205/60 ஆர்16. 2018-இல் வந்த விலை கூடிய எஸ் ரகத்தில் 205/50 ஆர்17. ரிம்மின் விட்டம் ஓர் அங்குலம் பெரிதானது, பக்கச்சுவர் குட்டையானது, அகலம் மட்டும் மாறவில்லை.

ஆகவே என் பரிந்துரை இது. ரிம்மில் 6ஜே, 6.5ஜே என்று பொறித்திருக்கும் எண்ணை முதலில் படியுங்கள். நினைக்கும் டயருக்கு அந்த அகலம் அனுமதி எல்லையின் நடுவில் வருகிறதா என்று டயர் நிறுவனத்தின் அட்டவணையில் பாருங்கள். ஓரத்தில் வந்தால் விட்டுவிடுங்கள். மொத்த உயரம் பழைய டயரோடு ஒத்திருக்கட்டும், இல்லையேல் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதைவிடக் குறையவே கூடாது. கூட்டுவதென்றால் 10 மி.மீ. போதும், மிச்சப் பணத்தை ஈரப் பிடிமானம் சிறந்த ரப்பருக்குச் செலவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களுக்கு வரம்பு வைத்திருப்பதால், அதே காரின் உயர் ரகத்துக்கு நிறுவனமே தரும் அளவுக்குள் நிற்பது பாதுகாப்பு. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிபார்க்கும் பழக்கம் இதற்கெல்லாம் அடிப்படை. அது இல்லாவிட்டால் எவ்வளவு கவனமாக அகலத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை.