சட்டத்தின் வாசிப்பு மாறும், உங்கள் விண்ணப்பம் மாறாது
மென்பொருள் துறையினருக்கான காப்புரிமைக் கையேடு

ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களிடம் காப்புரிமை பற்றிப் பேச்செடுத்தால், "சாஃப்ட்வேருக்கு இந்தியாவில் பேட்டன்ட் கிடையாதே!" என்பார்கள். அது பாதி உண்மை. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறை, வணிக முறை, அல்காரிதம் ஆகியவற்றோடு, 'தன்னளவிலான' கணினி நிரலையும் விலக்கி வைக்கிறது. எது தன்னளவிலான நிரல் என்பதில்தான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இழுபறி.

2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம், வன்பொருளோடு இணைந்த நிரலுக்குக் கதவைத் திறந்தது. 2005-இல் நாடாளுமன்றம் அந்தக் கதவை மூடியது. 2016 பிப்ரவரியில் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டுதல், நிரலோடு புதுமையான வன்பொருளும் வேண்டும் என்றது. 2017 ஜூனில் அந்த நிபந்தனை போய்விட்டது. 2019 டிசம்பரில், ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், நிரல் சார்ந்தது என்பதற்காகவே ஒரு கண்டுபிடிப்பை ஒதுக்கக் கூடாது, அதில் தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. அல்லானி அந்த விண்ணப்பத்தைப் போட்டது 2002-இல். 2020-இல் மேல்முறையீட்டு வாரியம் காப்புரிமை வழங்க உத்தரவிட்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. விண்ணப்பம் போட்ட பிறகு அதில் புது விஷயம் சேர்க்க 59-ஆம் பிரிவு இடம் தராது. பல ஆண்டு கழித்துச் சட்டத்தைப் புதிதாக வாசிக்கும் நீதிபதியும் நீங்கள் முதலில் எழுதியதை வைத்துத்தான் தீர்ப்பளிப்பார். ஆகவே முதலிலேயே முழுசாக எழுதிவிடுங்கள்.

விளைவை அளந்து எழுதுங்கள்

"எங்கள் செயலி கள ஊழியர்களுக்கு வேகமான அனுபவம் தருகிறது" என்று கண்டுபிடிப்புப் படிவத்தில் எழுதினால் வக்கீலுக்குப் பிடிமானமே கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் போட்டோவைத் துண்டுகளாக்கி அனுப்புகிறோம். போய்ச் சேராத துண்டை மட்டும் மறுபடி அனுப்புகிறோம். டேட்டா மிச்சமாகிறது, பேட்டரியும் தாங்குகிறது." சிக்கல், தீர்வு, விளைவு மூன்றும் வந்துவிட்டன. பழைய முறையில் எவ்வளவு டேட்டா செலவானது, புதிய முறையில் எவ்வளவு என்ற சோதனை எண்களையும் சேருங்கள்.

ஆனால் துண்டாக்கி அனுப்புவது எல்லோருக்கும் தெரிந்த உத்தி. உங்களுடையதில் என்ன புதிது? சிக்னலின் போக்கை முன்கூட்டியே கணித்துத் துண்டின் அளவை மாற்றுகிறீர்களா? எந்தத் தகவலை வைத்து? கூகுள் பேட்டன்ட்ஸில் தேடுங்கள். நெருங்கி வரும் இரண்டு மூன்று ஆவணங்களைப் படித்து, வித்தியாசத்தை வரி வரியாக எழுதுங்கள். அதையே வேறு விதமாகச் செய்ய வழி இருந்தால் அதையும் சேருங்கள். போட்டியாளர் அந்தச் சந்தில்தான் நுழைவார்.

முதலில் விண்ணப்பம், பிறகு பேச்சு

கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றுவது, லிங்க்ட்இன் பதிவு, கருத்தரங்க உரை என எதுவும் உங்கள் புதுமையைக் கெடுத்துவிடலாம். அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளருக்கு ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. இந்தியாவில் விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. அவசரமென்றால் புரொவிஷனல் விண்ணப்பம் போட்டுவிட்டுப் பேசுங்கள். முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் இருக்கிறது. ஆனால் புரொவிஷனலில் சொன்ன விஷயத்துக்குத்தான் அந்த முதல் தேதி செல்லும்.

தனிநபர், ஸ்டார்ட்அப் என்றால் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ரூ.1,600, பெரிய நிறுவனத்துக்கு ரூ.8,000. ஆய்வுக் கட்டணம் தனி. 2024 மார்ச்சில் வந்த விதிகளின்படி ஆய்வுக்கான கோரிக்கையை 48 மாதத்துக்குப் பதில் 31 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அமெரிக்க மேலாளர் "அமெரிக்காவிலேயே ஃபைல் பண்ணிடலாம்" என்றால் உஷார். இந்தியாவில் குடியிருப்பவர் முதலில் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காப்புரிமை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். 39-ஆம் பிரிவு சொல்வது இது. மீறினால் இந்திய உரிமையே கைவிட்டுப் போகும்.

ஏ.ஐ. உதவியா? குறிப்பு வையுங்கள்

டேபஸ் என்ற ஏ.ஐ. அமைப்பைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய விண்ணப்பங்களை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-லும் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023-லும் ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கா மட்டும் 2021-இல் காப்புரிமை தந்தது. ஆகவே சாட்பாட் உதவியோடு வேலை செய்தால், மனிதரின் பங்கைக் காட்ட, சிக்கலை யார் வரையறுத்தார், எந்த விடையை ஏன் நிராகரித்தார், எதை மாற்றினார் என்று தேதியோடு குறித்து வையுங்கள். அலுவலக ரகசியத்தைப் பொதுக் கருவியில் ஒட்டாதீர்கள்.

பெயரும் பணமும்

ஊழியரின் கண்டுபிடிப்புக்கு நியாயமான ஈட்டுத்தொகை தரச் சொல்லி ஜெர்மனியில் 1957 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படிப் பிரிவு இல்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடும்முன் உரிமை யாருக்கு, ஊக்கத்தொகை எவ்வளவு, சொந்த நேரத்தில் செய்வதும் அதில் அடங்குமா என்று பாருங்கள். கண்டுபிடிப்பாளராகப் பெயர் இடம்பெறக் கோர 28-ஆம் பிரிவு வழி செய்கிறது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள். ரெஸ்யூமேயில் நிற்கும் சொத்து அது.

இதையே தொழிலாக்கலாம்

பேட்டன்ட் ஏஜென்ட் ஆக வக்கீல் படிப்பு தேவையில்லை. இந்தியக் குடிமகனாக, 21 வயது நிரம்பியவராக, அறிவியல் அல்லது பொறியியல் பட்டதாரியாக இருந்து, காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேறினால் போதும். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. 3(கே) பற்றி இன்னும் எத்தனை வழிகாட்டுதல் வந்தாலும், நிரலைப் படித்து அதன் தொழில்நுட்ப விளைவைத் தெளிவான நடையில் எழுதத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் வேலை இருக்கும். கோடிங் அலுத்துவிட்டது, ஆனால் தொழில்நுட்பத்தை விட மனமில்லை என்பவர்கள் முதலில் தங்கள் துறையில் வழங்கப்பட்ட ஒரு காப்புரிமையின் கிளெய்ம்களை, அதாவது உரிமைக் கோரல்களை, படித்துப் பாருங்கள். அது பிடித்திருந்தால் தேர்வுக்குத் தயாராகலாம்.