நிரல் வழியே கோப்புகளை நீக்குதல்

ஐதராபாத்தில் 1999 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவைகள் மையம், ஆர்கோ மிதவைகளின் அளவைகளை நம் நாட்டிற்காகத் திரட்டிக் காத்து வருகின்றது. இம்மிதவை ஏறத்தாழப் பத்து நாட்களுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, வழிநெடுக வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து, செயற்கைக்கோள் வாயிலாக அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்கும். அன்றைய அளவையை மறுநாள் எடுத்தல் இயலாது, கடல் மாறியிருக்கும். இவ்வாறு தரவு குவியும் இடம் எதுவாயினும், இடைக்காலக் கோப்புகளை அவ்வப்போது நீக்கியாதல் வேண்டும். இன்றேல் வட்டு நிரம்பிப் புதியதை எழுத இடமிராது. அப்பணியை நிரலிடம் ஒப்படைப்பதே வழக்கம்.

'அழித்தல்' என்னாது 'நீக்குதல்' என்று இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கோப்பகம் என்பது ஒரு பெயர்ப்பட்டியல். யூனிக்ஸ் மரபில் கோப்பை நீக்கும் அழைப்பிற்கு 'அன்லிங்க்', அதாவது பிணைப்பை அவிழ்த்தல், என்றே பெயர். பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படுகின்றது. கடைசிப் பெயரும் போய், அக்கோப்பைத் திறந்துவைத்திருக்கும் நிரல் எதுவும் இல்லையெனில், அதன் இடம் காலியெனக் குறிக்கப்படுகின்றது. உள்ளடக்கமோ, வேறொன்று மேலே எழுதப்படும் வரை கிடக்கலாம். தடய ஆய்வாளர் சிலவேளை அதனை மீட்பது இதனாலேயே. எனினும் மீட்பை நம்பி நீக்குதல் தகாது.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். லினக்ஸில் ஒரு கோப்பைப் 'படிக்க மட்டும்' எனப் பூட்டினாலும் அதனை நீக்கிவிடலாம். தேவைப்படுவது கோப்பகத்தில் எழுதும் உரிமையே.

பைதான் மொழியில் 'ரிமூவ்' ஒரு கோப்பை நீக்கும். 'ஆர்எம்டிர்' வெற்றுக் கோப்பகத்தை மட்டுமே நீக்கும். உள்ளே ஒரு கோப்பு இருந்தாலும் பிழை கூறி மறுக்கும். இம்மறுப்பு ஒரு காவல். 'ஆர்எம்ட்ரீ' உள்ளிருப்பவை அனைத்தையும் சேர்த்து நீக்கும்; 'நீக்கலாமா?' என்று கேளாது, குப்பைத்தொட்டியிலும் இடாது.

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்து மீக்கணினியில் நேர்ந்ததைக் காண்க. காப்புப்பிரதி எடுக்கும் நிரல், பத்து நாட்களுக்கு மேற்பட்ட செயற்குறிப்புக் கோப்புகளை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கையிலேயே திருத்திய பதிப்பு அதன்மீது எழுதப்பட்டது. நிரல் புதிய பதிப்பை நடுவிலிருந்து படிக்கத் தொடங்கவே, கோப்பகத்தின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி வெறுமையாயிற்று. நீக்கும் கட்டளை ஆய்வுத் தரவுகளின்மேல் பாய்ந்தது. 14 ஆய்வுக் குழுக்களின் ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள், சுமார் 77 டெராபைட், மறைந்தன. அவற்றுள் நான்கு குழுக்களின் தரவைக் காப்புப்பிரதியிலிருந்தும் மீட்க இயலவில்லை.

ஆதலின் நீக்குமுன் மாறி வெறுமையன்று என்பதையும், முழுப் பாதை குறித்த பணிக்கோப்பகத்திற்குள் அடங்கியது என்பதையும் நிரலே சோதித்தல் வேண்டும். ஷெல் நிரலாயின், தொடக்கத்தில் 'செட்' கட்டளையை 'யு' குறியுடன் இட்டால், வரையறுக்கப்படாத மாறியைக் கண்டதும் ஓட்டம் நிற்கும். ஆனால் வரையறுத்தும் வெறுமையாய் விட்ட மாறியை அது தடுக்காது. முதல் ஓட்டத்தில் நீக்காமல் பெயர்களை மட்டும் அச்சிட்டுப் பார்த்தல் நன்று. ஐயமுள்ளவற்றை வேறொரு கோப்பகத்திற்கு நகர்த்தி ஒரு திங்கள் வைத்திருப்பது மெதுவான வழியே. களத்தில் எடுத்த அளவைகளுக்கு அதனையே யாம் பரிந்துரைப்போம்.

ஆசிரியர்கள் வகுப்பில் மூன்று வெற்றுக் கோப்புகளுடன் ஒரு கோப்பகத்தை உண்டாக்கி, முதலில் 'ஆர்எம்டிர்' மறுப்பதைக் காட்டுக. பின்னர் ஒரு கோப்பைப் 'படிக்க மட்டும்' எனப் பூட்டி, 'ரிமூவ்' அதனை நீக்குமா என்று மாணவரை முன்னரே எழுதச் சொல்லிவிட்டு, ஓட்டிப் பார்க்கச் செய்க.