வலிக்காத புண்: குரோம் பட்டறையில் வேலை செய்வோர் கவனத்துக்கு



கிண்டி தொழிற்பேட்டையிலும் அம்பத்தூரிலும் முலாம் பட்டறைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள். அவர்களும் முதலாளிமாரும் அறிய வேண்டிய பாடம் இது.

குரோமிக் அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சினால், அதில் சிறு பங்கே முலாமாகப் படிகிறது. மீதி, தண்ணீரைப் பிரித்து வாயுக் குமிழிகளாக்குகிறது. குமிழி மேலே வந்து உடையும்போது அமிலத்தின் நுண்துளிகள் காற்றில் கலக்கின்றன. தொட்டியருகே நிற்பவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

அந்தத் துளியில் இருப்பது 'குரோமியம் ஆறு'. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கிய அதே நஞ்சு. இது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-இல் அறிவித்தது.

புற்றுநோய் தெரிய ஆண்டுகள் பல ஆகும். மூக்கோ முன்னதாகவே எச்சரிக்கும். மூக்கடைப்பு, பொருக்கு, அடிக்கடி ரத்தக் கசிவு. பிறகு மூக்கின் நடுச்சுவரில் புண், கடைசியில் ஓட்டை. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் பலர் சளி என்று விட்டுவிடுகிறார்கள். விரல் மடிப்பில் ஆறாத சிறு குழிப்புண்ணும் இதே அடையாளம்தான்.

செய்ய வேண்டியவை:

1. தொட்டியின் விளிம்பிலேயே காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வேண்டும். சாதாரண மின்விசிறி நஞ்சைப் பரப்பவே செய்யும்.

2. குமிழி தெறிப்பதைக் குறைக்கும் நுரைமருந்து, மிதக்கும் பிளாஸ்டிக் பந்துகள் பயன்படுத்தலாம்.

3. முகத்தில் கட்டும் கைக்குட்டை காப்பாற்றாது. உரிய வடிகட்டியுள்ள முகக்கவசமும் ரப்பர் கையுறையும் தேவை.

4. கை, முகம் கழுவாமல் சாப்பிடவோ பீடி பிடிக்கவோ கூடாது. வேலை உடையை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது.

5. மருத்துவரிடம் "குரோம் தொட்டியில் வேலை" என்று முதலிலேயே சொல்லி, மூக்கின் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறையில், மாதம் ரூ.21,000 வரை சம்பளம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை அணுகலாம். தொழில்சார் நோய்களின் சட்டப் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய்களும் இருக்கின்றன. இழப்பீடு கேட்பது உரிமை, யாசகம் அல்ல.

முதலாளிகளே, தொழிலாளியின் உடல் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இ.எஸ்.ஐ. அட்டை இல்லாத பிள்ளைகள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் எழுத உதவுவோம், இன்ஷா அல்லாஹ்.