கதை தெரியாமல் ஆடினால் வேலைக்கு உதவும்

ஹைதராபாத்தில் வேலை என்றதும் ஐ.டி. நிறுவனங்கள்தான் நினைவுக்கு வரும். வீடியோ கேம் துறைக்கும் அங்கே நல்ல இடம் உண்டு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு ஸ்டுடியோ இருக்கிறது. கிரிக்கெட் கேம் தயாரிக்கும் ‘ஹிட்விக்கெட்’ அந்த ஊர் நிறுவனம். 2017-இல் ‘அசுரா’ என்ற கேமை வெளியிட்ட ஓகர் ஹெட் ஸ்டுடியோவும் அங்கேதான் தொடங்கியது.

இத்துறையில் புதியவர்களுக்குத் திறக்கும் வாசல்களில் முக்கியமானது டெஸ்டிங், அதாவது கேம் வெளிவரும் முன் ஆடிப் பார்த்துக் குறைகளைக் கண்டுபிடிக்கும் வேலை. இன்டர்வியூவுக்கு வருகிற எல்லோரும் “எனக்கு கேம் என்றால் உயிர்” என்பார்கள். முதல்முறை ஆடியபோது எந்த இடத்தில், எதனால் குழம்பினேன் என்று விளக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதற்குப் பழக, ஸ்பாய்லர் இல்லாமல், அதாவது கதையை முன்பே அறியாமல், ஆடிய ஒரு கேம் வேண்டும்.

எந்த கேம்?

‘அண்டர்டேல்’ நல்ல தேர்வு. டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கர், பெரும்பகுதியைத் தனியாளாக, கேம்மேக்கர் மென்பொருளில் உருவாக்கி 2015 செப்டம்பர் 15-இல் வெளியிட்ட ரோல்-பிளேயிங் கேம் இது. இசையும் அவருடையதே. பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஒருமுறை முடிக்க ஆறேழு மணி நேரம் போதும். எதிரே வரும் யாரையும் கொல்லாமலே ஆடலாம் என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம்; இங்கே நானும் சொல்லப்போவதில்லை.

ஆடுவதற்கு முன்

கேமின் பெயரை யூடியூபில் தேடாதீர்கள். ஒருமுறை தேடினால் போதும், பரிந்துரையில் வரும் படங்களே பாதிக் கதையை உடைத்துவிடும். இசைத் தொகுப்பையும் தொடாதீர்கள். பாடல் தலைப்புகளில் பாத்திரங்களின் பெயர்கள் இருக்கின்றன. ஏற்கெனவே ஆடிய நண்பரிடம், “நானாகக் கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதே” என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

ஆடும்போது

பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, அப்போது என்ன தோன்றியது. சிரித்த இடம், எரிச்சல் வந்த இடம், போனை எடுத்துப் பார்த்த இடம், எல்லாமே தகவல்தான்.

சிக்கிக்கொண்டால் உடனே வழிகாட்டிகளைத் தேடாதீர்கள். எல்லாப் பாத்திரங்களிடமும் இன்னொருமுறை பேசுங்கள். சண்டைத் திரையில் தாக்குவதைத் தவிர உள்ள தெரிவுகளையும் ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். கையிலுள்ள பொருள்களின் விவரத்தைப் படியுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் நண்பரிடம் ஒரே ஒரு துப்பு கேளுங்கள். கேட்டதையும் நோட்டில் எழுதுங்கள். கேம் தன் வழியைச் சரியாகக் காட்டாத இடம் அதுவாக இருக்கலாம்.

முடித்த பிறகு

இப்போது மற்றவர்கள் ஆடிய வீடியோக்களைப் பாருங்கள். நீங்கள் தடுமாறிய இடத்தில் அவர்களும் தடுமாறினார்களா? பலர் தடுமாறினால் வடிவமைப்பை யோசிக்க வேண்டும். நீங்கள் மட்டும் என்றால் உங்கள் பழக்கத்தை யோசிக்க வேண்டும். இந்த ஒப்பீட்டை ஒரு பக்கத்தில், கதையை உடைக்காமல் எழுதி போர்ட்ஃபோலியோவில் சேருங்கள்.

அடுத்ததாக ‘அசுரா’வை ஆடுங்கள். அதில் திறன்களின் வரிசை ஒவ்வோர் ஆட்டத்திலும் மாறும். அங்கே ஒரு பிழையைக் கண்டால், அது மறுபடி வருகிறதா என்று சோதித்து பக் ரிப்போர்ட் எழுதிப் பழகுங்கள். எந்தப் பதிப்பு, என்னென்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

வேலையில் இது எங்கே உதவும்?

வெளிவராத கேம்கள்தான் டெஸ்டரின் கையில் இருக்கும். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது. கதையை உடைக்காமல் ஒரு கேமைப் பற்றி எழுதிக் காட்டியவரை நம்பி வேலை கொடுக்கலாம்.

நீங்களே சிறிய கேம் ஒன்று செய்தால், அதை அறியாதவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். “அங்கே அழுத்துங்க” என்று சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீண். ஆடிப் பார்க்க ஆள் தேடுபவர்களுக்கு இந்திய கேம் டெவலப்பர் மாநாடு உதவும். பல ஆண்டுகள் ஹைதராபாத்தில் நடந்த அது, 2025 நவம்பரில் சென்னையில் நடந்தது.

ஒன்றை மறக்காதீர்கள். டெஸ்டிங் என்பது விளையாட்டு அல்ல. ஒரே கட்டத்தை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஆட வேண்டியிருக்கும். அந்த அலுப்பிலும் புதிதாக ஆடுபவரின் கண்ணோடு பார்க்கத் தெரிந்தவரைத்தான் ஸ்டுடியோக்கள் தேடுகின்றன. எந்த கேமையும் முதல்முறை ஆடும் வாய்ப்பு ஒன்றே ஒன்றுதான். நோட்டை எடுத்து வைத்துவிட்டு ஆடத் தொடங்குங்கள்.